விலைப்பட்டியலுக்குள் ஒரு நகரம்

பொருளாதார ஆய்வில் பாதிக்கு மேல் தட்டச்சு வேலைதான் என்பது சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. 1860களில் பம்பாயில் பங்கு விலைகள் எப்படி ஏறி இறங்கின என்று வாரவாரமாகத் தொகுக்கும் குழுவில் இருக்கிறேன். பழைய செய்தித்தாள்களின் படச்சுருளை ஓட்டி, விலைப்பட்டியல் வரும் பத்தியைத் தேடிப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாக எக்ஸெலில் ஏற்ற வேண்டும். பொடி எழுத்து. மதியத்துக்கு மேல் 3 எது 8 எது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

பின்னணி இதுதான். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, அங்கிருந்து இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வருவது அடைபட்டதும் பம்பாய்ப் பருத்தி கேட்ட விலைக்குப் போனது. வந்த பணமெல்லாம் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளில் போய் விழுந்தது. அவற்றில் பெரிய பெயர் பேக் பே கம்பெனி. கடலைத் தூர்த்து நிலமாக்குவதுதான் அதன் தொழில். 5,000 ரூபாய்ப் பங்கு உச்சத்தில் 50,000 வரை போனது, அதுவும் அந்த நிலத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இருந்தபோதே.

நான் செய்த பெரிய தவறும் இந்தப் பட்டியலில்தான். 1865 பிற்பாதிக்கு நான் போட்ட வரைபடத்தில் சில கம்பெனிகளின் கோடு சரசரவென்று மேலே ஏறியது. சந்தையே சரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. குழுவில் மூத்தவர் திரையில் படத்தைப் பெரிதாக்கி, எண்ணுக்குப் பக்கத்தில் மங்கலாக இருந்த ஒரு சுருக்கெழுத்தைக் காட்டினார்: “இது விலை இல்லப்பா, டிஸ்கவுண்ட். எண் பெருசாக ஆக பங்கு கீழ போகுதுன்னு அர்த்தம்.” உச்சக் காலத்தில் பிரீமியம், அதாவது கட்டிய தொகைக்கு மேல் எவ்வளவு என்று அச்சிட்டவர்கள், சரிவுக்குப் பிறகு அதே இடத்தில் எவ்வளவு குறைவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் ஏற்றிய அத்தனை வரிசைகளையும் திரும்பப் பார்க்க இரண்டு வாரம் ஆனது. அதிலிருந்து எண்ணைத் தொடுமுன் தலைப்பைப் படிப்பது பழக்கமாகிவிட்டது.

1865 ஜூலை 1 கணக்குத் தீர்க்கும் நாள். அன்றைக்கு இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று முன்பேரம் பேசியவர்கள் அதை நம்பி இன்னொருவரிடம் விற்றிருந்தார்கள், அவர் வேறொருவரிடம். போர் முடியும் செய்தி வந்து பருத்தி விலை விழுந்ததும் இந்தச் சங்கிலியில் யார் கையிலும் காசு இல்லை. பங்குகளை அடமானமாக வாங்கிக்கொண்டு கடனை அள்ளிக் கொடுத்திருந்த பம்பாய் வங்கியும் மாட்டிக்கொண்டது. 2,850 ரூபாயைத் தொட்ட அதன் பங்கு 87க்கு வந்தது. 1868இல் வங்கியையே மூட வேண்டியதாயிற்று. பங்கு மோகத்தின் நாயகராக இருந்த பிரேம்சந்த் ராய்சந்தும் திவாலானார். அவர் கொடுத்த நன்கொடையில் 1878இல் முடிந்த ராஜாபாய் கோபுரம் இன்றும் நிற்கிறது, காப்பகத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு இரண்டு எண்கள். 1864 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 8,16,562. 1872இல் 6,44,405. இதையும் விலைக்கோட்டின் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று குழுவில் வாதாடினேன். இரண்டு கணக்கெடுப்பும் ஒரே மாதிரி நடந்தவை அல்ல, ஒப்பிட்டால் கேள்வி வரும் என்றார்கள். நியாயம்தான், ஆனாலும் 1,72,157 பேர் எண்ணும் முறையில் மட்டும் காணாமல் போயிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. மூட்டை தூக்கவும் கடலில் கல் கொட்டவும் வந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள்? அவர்களுக்கு டிஸ்கவுண்ட் பத்தி கிடையாது.

கடைசியில் பிற்சேர்க்கையில் ஒரு சின்ன அட்டவணைக்குச் சம்மதித்தார்கள். அப்புறம், அதை வலுப்படுத்த ரயில்வேயின் பழைய பயணிகள் கணக்கைத் தேட ஆரம்பித்தேன். 1865 பிற்பாதிக்கான தொகுதி இன்னும் கைக்கு வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போகிறேன்.