தலைக்குக் குளிக்காத மூன்று மாதம்

சின்னவளுக்கு மூன்று மாதம் ஆனபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, காசு கிடையாது. போட்ட இடத்தைத் தேய்க்காதே, ஒத்தடம் கொடுக்காதே என்று சொல்லி, நர்ஸம்மா அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

முதல் ஊசிக்கு அப்புறம் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. பத்து நாள் இருக்கும், நாலு நாள் நிற்கும், மறுபடி வரும். வெள்ளிக்கிழமை பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகலாமா என்பதைக் காலையில் எழுந்துதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

அத்தைக்குத் தூக்கமே போய்விட்டது. “கெட்ட ரத்தம் வெளிய போவலன்னா உள்ளயே கட்டிக்கும்மா” என்றார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. குழந்தையாக இருக்குமோ என்று மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்த்தேன். ஒரே கோடுதான்.

மூன்றாவது ஊசிக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா அவரிடம்தான் பேசினார். “பெரியம்மா, கெடிலத்துல தண்ணியே வரலன்னா பாலத்துக்குக் கீழ என்ன தேங்கும்?”

அப்புறம் பொறுமையாக விளக்கினார். முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் கருப்பையின் உட்சுவரை மெத்தை மாதிரி தடிக்க வைக்கிறது. கரு தங்காத மாதம் அந்த மெத்தை கழன்று வருவதுதான் மாதவிலக்கு. ஊசியில் இருப்பது புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். முட்டை வெளிவருவதை அது நிறுத்திவிடும், உட்சுவரும் மெலிந்தே இருக்கும். உதிர ஒன்றும் இல்லை, தேங்கவும் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் அங்கங்கே கசிந்ததற்கும் அந்த மெலிந்த சுவர்தான் காரணம். அதிலுள்ள சின்ன ரத்தக்குழாய்கள் லேசில் உடைந்துவிடுமாம்.

புதுச்சேரி நாத்தனார் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை போடுகிறாள். அட்டையில் 28 இருந்தாலும் 21தான் ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்த ஏழு நாள் ஹார்மோன் இல்லாததால் வரும் உதிரத்தைத்தான் அவள் மாதவிலக்கு என்று எண்ணியிருந்தாள். அது முட்டை வெளியாகி வருவது இல்லை என்று போனில் சொன்னேன். நம்பவே மாட்டேன் என்கிறாள்.

ஊசியை விட்டால் உடனே கரு தங்கிவிடாது, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்றும் நர்ஸம்மா சொன்னார். துணி நனைய நனையப் போனால் மட்டும் அன்றைக்கே வந்துவிடச் சொன்னார்.

கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றுவிட்டார். “எனக்கு நின்னு எட்டு வருஷமாச்சும்மா. அதெல்லாம் உள்ளயே கட்டியிருக்குன்னுதான் இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்.”

நர்ஸம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் கட்டல பெரியம்மா. முட்ட வளரல, மெத்தையும் வளரல. ஆனா நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரைப் பாத்துடணும், சரியா?”