வாத்தியார் மொலியேர்

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அருகில் இருக்கிறது. கோயில் கொடையில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் அன்றைய திருநெல்வேலிச் சீமையில், தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, 1922இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் மறைந்தார். வேடம் கட்டி, நாடகம் எழுதி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அவரைப் போன்றவர்களை நாடகக் கம்பெனிகளில் வாத்தியார் என்றே அழைத்தார்கள். பிரெஞ்சு நாடகாசிரியரும் நடிகருமான மொலியேரின் வாழ்க்கையைப் படித்தபோது அவருக்கும் அந்தப் பெயரே பொருந்தும் என்று பட்டது.

1622இல் பாரிஸில் பிறந்த அவருடைய இயற்பெயர் ழான் பப்திஸ்த் பொக்லேன். அரண்மனை இருக்கைகளையும் திரைச்சீலைகளையும் கவனிக்கும் தந்தையின் பதவி தமக்கு வரவிருந்தும், அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு 1643இல் நடிகை மதலேன் பெழாருடன் சேர்ந்து நாடகக் குழு தொடங்கினார். குழு கடனில் மூழ்கியது. 1645இல் அவர் சிறைக்கும் போனார்.

அதன்பின் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவர் லியோன், பெசெனாஸ் என்று ஊர் ஊராகச் சுற்றினார். அவருடைய புகழுக்கெல்லாம் வேர் இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எந்த ஊரில் யார் எதற்குச் சிரிப்பார்கள் என்பதை மேடையில் நின்றே கற்ற ஒருவரால்தான், 1658 அக்டோபர் 24 அன்று இருபது வயது மன்னர் பதினான்காம் லூயியின் முன்னிலையில், அன்றைய பெரும் நாடகாசிரியர் கோர்னேயின் துன்பியல் நாடகம் எடுபடாமல் போன பிறகும் துணிந்து ஒரு சிறு கேலி நாடகத்தை நடித்து அவையைச் சிரிக்கவைத்து, பாரிஸில் நாடகம் போட ஓர் அரங்கையும் பெற முடிந்தது.

போலி பக்தனைத் தோலுரிக்கும் 'தார்த்தூஃப்' 1664இல் மன்னரின் வெர்சாய் அரண்மனையில் நடிக்கப்பட்டதும், சமயவாதிகளின் எதிர்ப்பால் பொது மேடையில் அதற்குத் தடை வந்தது. திருத்தியும் மனுக் கொடுத்தும் போராடி, 1669இல்தான் அனுமதி பெற்றார்.

1673 பிப்ரவரி 17 அன்று, நோயே இல்லாமல் தம்மை நோயாளியென்று நம்பும் ஒருவரின் வேடத்தில், உண்மையான நோயுடன் அவர் மேடை ஏறினார். அன்றாடக் கூலியை நம்பி 50 தொழிலாளிகள் இருக்கையில் எப்படி ஆட்டத்தை நிறுத்துவது என்று அவர் கேட்டதாக, 1705இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அந்த ஆட்டத்தை முடித்துவிட்டு வீடு திரும்பியவர் அன்றிரவே இறந்தார். நடிகர் என்பதால் தேவாலயம் அடக்கத்துக்கு இடம் தர மறுத்தது. மனைவி மன்னரிடம் முறையிட்ட பிறகே, 21ஆம் தேதி இரவில் ஆரவாரமின்றி அடக்கம் நடந்தது. 24ஆம் தேதி அவருடைய குழு மீண்டும் நாடகம் நடத்தியது.