ஹெபடைட்டிஸ் சி ‘ரியாக்டிவ்’ என்று வந்தது, அப்புறம் நடந்தது

மார்த்தாண்டத்தில் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன். “ஒரு டெஸ்ட் ரியாக்டிவ் வந்திருக்கு, நேரில் வாங்க.” தானமாக வரும் ரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் சோதித்தே ஆகவேண்டும். எனக்கு ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று, காட்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கான ஆன்டிபாடி டெஸ்ட்.

உறுதி செய்துகொள்ள ஒரு தனியார் லேபில் மறுபடி பார்த்தேன். அங்கேயும் ரியாக்டிவ். கவுண்டரில் இருந்தவர், “கல்லீரல் வைரஸ் இருக்கு” என்று சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார். அந்தத் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. 1-ஐத் தாண்டினால் ரியாக்டிவ் என்று அச்சடித்திருந்தது, எனக்கு 1.4. அவ்வளவுதான். நோய் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு என்ன உரிமை?

வீட்டில் அம்மா, “மக்களே, உனக்க டம்ளரத் தனியா வைக்கணுமா?” என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த வைரஸ் ரத்தம் வழியாகப் பரவுவது. சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ வராது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் விஷயம் விளங்கியது. ஆன்டிபாடி என்பது வைரஸ் அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதம். வைரஸ் போன பிறகும் பல வருடம் ரத்தத்தில் இருக்கும். தொற்றியவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுமாம்; அவர்களுக்கும் ரியாக்டிவ் என்றுதான் வரும். வைரஸே நுழையாதவர் ரத்தத்தில் உள்ள வேறு ஏதாவது டெஸ்ட் கிட்டில் ஒட்டிக்கொண்டாலும் அது ரியாக்டிவ் என்றே காட்டும். 1.4 மாதிரி எல்லையை ஒட்டிய எண்களில் இது அதிகம். அதே வகை டெஸ்டைத் திரும்ப எடுத்தால் அதே தவறு திரும்பவும் வரலாம்.

மருத்துவர் ஒரு கணக்கும் போட்டார். 1000 பேரில் 5 பேருக்குத்தான் தொற்று என்று வைப்போம். தொற்று இல்லாதவர்களில் 99 சதவீதம் பேரைச் சரியாகச் சொல்லும் கிட்கூட, மீதி 995 பேரில் சுமார் 10 பேரைத் தவறாகப் பிடிக்கும். அப்போது ரியாக்டிவ் வந்த 15 பேரில் 10 பேருக்குத் தொற்றே கிடையாது! நல்ல ஆரோக்கியமானவர்கள் வரும் முகாம்களில் நிலைமை இதுதான். இதற்கு நேர்மாறும் உண்டு: தொற்றிய புதிதில் ஆன்டிபாடி தோன்ற இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதுவரை நெகட்டிவ் என்றே வரும்.

வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது, வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வையே ரத்தத்தில் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட். ஊதா மூடி போட்ட டியூபில் ரத்தம் எடுத்தார்கள். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் தாமதிக்காமல் சுழற்றி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைத்தார்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தொற்று இருந்தாலும் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, 95 சதவீதத்துக்கு மேல் குணமாகும் என்று கேட்ட பிறகுதான் அன்றிரவு தூங்கினேன்.

முடிவு: வைரஸ் இல்லை. கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்தது.

ஆனால் இனி என் ரத்தத்தை எடுக்க மாட்டோம் என்று ரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான். ரத்தம் ஏற்றிக்கொள்பவரின் பாதுகாப்பு என்று வரும்போது அது சரியே. நாளை ஏதாவது ஆபரேஷன் என்றால் முதலில் இதே ஆன்டிபாடி டெஸ்டைத்தான் எடுப்பார்கள், மறுபடி ரியாக்டிவ் வரும். அதனால் ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ஆதாரோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் ஒரு நகல் இருக்கிறது.