மனைவியாக வந்தவர்கள்

எச்-4 விசாவில் அமெரிக்கா வருகிறவருக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. செய்யவும் கூடாது. வேலைக்கென்று வருபவர் எச்-1பி என்ற வேலை விசா வைத்திருக்கும் கணவர். மனைவி அவரோடு இருப்பதற்கு வருகிறார், அவ்வளவுதான். 2015இல் ஒரு சின்ன வழி திறந்தார்கள். கணவரின் கிரீன் கார்ட் விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம். தாண்டும் வரைக்கும் சமையல், துணி துவைத்தல், அம்மாவுடன் வாட்ஸ்அப்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த நான் இப்படித்தான் கனெக்டிகட் மாநிலத்தின் நோர்விச்சுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு சிற்றாறுகள் கூடித் தேம்ஸ் என்ற பெயரோடு கடலுக்குப் போகத் தொடங்கும் இடம். லண்டன் தேம்ஸ் இல்லை, இது வேறு. பழைய ஆலைக் கட்டடங்கள், ஏற்ற இறக்கமான தெருக்கள், பக்கத்தில் இரண்டு பெரிய கசினோக்கள், அங்கே வேலை செய்யும் சீனக் குடும்பங்கள். தமிழர் என்றால் ஹார்ட்ஃபோர்ட் பக்கம் காப்புறுதிக் கம்பனிகளில் வேலை செய்பவர்கள். பார்க்க வேண்டுமென்றால் மிடில்டவுன் சத்தியநாராயணர் கோயிலுக்குப் போக வேண்டும். போவதற்குக் கார் வேண்டும். கார் ஓட்ட லைசன்ஸ் வேண்டும்.

லைசன்ஸ் எடுக்கப் போன இடத்தில் இருந்தவர் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார். வீட்டு ஒப்பந்தம் கணவர் பெயரில். மின்சாரக் கட்டணம், இணையம், வங்கிக் கணக்கு எல்லாமே அவர் பெயரில். திருமணப் பதிவை நீட்டினேன். அது நான் மனைவி என்பதைத்தான் காட்டுகிறது, எங்கே இருக்கிறேன் என்பதைக் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இருந்த ஒரே போக்கிடம் ஓட்டிஸ் நூலகம். 1850இல் தொடங்கிய பொது நூலகம், இலவசம், சூடாக இருக்கும். உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் பொழுதுபோகாமல் புரட்டிக்கொண்டிருந்தபோது உடுவில் என்ற பெயர் கண்ணில் பட்டது.

நான் யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவள். அதைத் தொடங்கிய மிஷனரி மனைவி ஹரியட் வின்ஸ்லோவின் பெயரைக் கேட்டு வளர்ந்தவள். அவர் அமெரிக்கர் என்று தெரியும். அமெரிக்கா பெரிய நாடு, எந்த ஊர் என்று யார் கேட்டார்கள்? அவர் பிறந்தது நோர்விச்சில். 1796, ஹரியட் லாத்ரொப். பழைய நகரம் இருந்த நோர்விச்டவுன் பகுதி எங்கள் வீட்டிலிருந்து சும்மா நடந்து போகிற தூரம்.

அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அவர் இறந்த பிறகு கணவர் மைரன் வின்ஸ்லோ தொகுத்து 1835இல் நூலாக்கினார். பக்தி மணம் தாராளம். பக்கம் பக்கமாகத் தன் ஆன்மாவைத் தானே குறுக்கு விசாரணை செய்கிற பெண். அந்தப் பகுதிகளில் எனக்கு ஓரளவுக்கு மேல் பொறுமை இல்லை. என்னைப் பிடித்து இழுத்தது அவர் கப்பல் ஏறுவதற்கு முந்திய வாழ்க்கை. பள்ளியில் எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

வசதியான வீட்டுப் பெண். கலியாணமாகாத காலத்திலேயே ஊரின் ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவ ஒரு சங்கத்தைக் கூட்டியிருக்கிறார். 1815இல் ஞாயிறு பள்ளி ஒன்றையும் தொடங்கினார். ஓய்வுநாளில் பள்ளி நடத்துவதா என்று முகம் சுளித்தவர்கள் தேவாலயத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஒரு தருமச் சங்கம் நடத்துவது என்றால் யார் வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது, யார் கணவர் குடிக்கிறார், எந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பணம் தருகிறவரிடம் கணக்குக் காட்டத் தெரிய வேண்டும். முகம் சுளிப்பவரிடம் சண்டை போடாமல் காரியத்தை முடிக்கத் தெரிய வேண்டும். உடுவிலில் அவர் செய்ததெல்லாம் இந்த ஊரில் பழகிய வேலைதான் என்பது என் எண்ணம். தேவ அழைப்பு என்று அவர் எழுதுவார். நான் அதைத் தொழிற்பயிற்சி என்பேன்.

1819 ஜனவரியில் கலியாணம். ஜூன் மாதம் பொஸ்டனில் ‘இண்டஸ்’ என்ற பாய்க்கப்பல். உடன் வந்தவர்கள் ஸ்போல்டிங், வுட்வார்ட் தம்பதியரும், பின்னாளில் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்த ஜோன் ஸ்கடரும் அவர் மனைவியும். ஒக்டோபரில் கல்கத்தா, பிறகு இலங்கை, 1820இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம், அந்த வருடமே உடுவில். போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயமும் வீடும் சிதைந்து கிடந்த இடத்தைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். பனையும் வேலியும் வெயிலும். இங்கே ஜனவரியில் வாசற்படியில் உப்புத் தூவிக்கொண்டு நிற்கும்போது, இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவள் உடுவில் சித்திரை வெயிலில் என்ன பாடுபட்டிருப்பாள் என்று யோசிப்பேன். எதிர்த்திசையில் வந்த எனக்குக் குறைந்தது ஹீற்றர் இருக்கிறது.

விசாப் பிரச்சினை அவர்களுக்கும் இருந்தது. இலங்கை பிரித்தானியர் கையில், இவர்கள் அமெரிக்கர்கள். அதே 1820இல் மிஷனுக்காக ஓர் அச்சுத் தொழிலாளி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே உள்ளவர்கள் இருக்கலாம், புதிதாக ஓர் அமெரிக்க மிஷனரியும் வரக் கூடாது. அந்தத் தடை நீங்க 1833 ஆயிற்று. இதை வாசித்துவிட்டு என் இந்தியத் தோழியரை நினைத்துக்கொண்டேன். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற வரம்பு இருப்பதால் கோயம்புத்தூரில் பிறந்தவள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு வரிசை சின்னது. ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நின்று பொங்கல் வாங்குகிறோம், அங்கே மட்டும் வரிசை வேறு.

மிஷன் ஆவணங்களில் சம்பளம் கணவருக்கு. மனைவிமார் ‘துணை மிஷனரி’, அல்லது வெறுமனே திருமதி இன்னார். யாழ்ப்பாணப் பட்டணத்தில் 1814 முதல் இருந்த மெதடிஸ்த மிஷனிலும் இதே கதைதான். வேம்படி மகளிர் பள்ளி அவர்கள் வளர்த்தது. அங்கே உழைத்த மனைவிமாரில் எத்தனை பேருடைய சொந்தப் பெயர் இன்று யாருக்காவது தெரியும்? ஹரியட்டின் பெயர் தப்பியதற்குக் காரணம் அவர் எழுதிக்கொண்டே இருந்ததும், கணவர் அதைப் பதிப்பித்ததும். மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1862இல் வந்த 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்தத் தமிழ்-ஆங்கில அகராதி அவர் முடித்ததுதான்.

ஆக, வேலை என்று எழுதித் தரப்படாத அந்தப் பெண் தனக்கு ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டார். ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்காத ஊர், பெண்பிள்ளை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டது. ஒரு கதை எங்கள் பள்ளியில் சொல்வார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகளை அவர் தையல் பழக உள்ளே கூப்பிட்டாராம். ஒருநாள் பெருமழையில் மாட்டிக்கொண்டு அவர்கள் அங்கேயே சாப்பிட்டார்களாம். சாதி கெட்டது கெட்டதுதான், இனி அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று தகப்பன் விட்டுவிட்டாராம். எவ்வளவு உண்மை என்பது வேறு. 1824இல் விடுதிப் பள்ளி தொடங்கியது உண்மை. ஆசியாவிலேயே முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்று பழைய மாணவிகள் நாங்கள் மார்தட்டிக்கொள்வோம்.

வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல். சாப்பாடும் உடுப்பும் இலவசம். பணம் வந்த வழியைப் பார்க்க வேண்டும்: அமெரிக்காவில் ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பினார்கள். ஹரியட் நோர்விச்சில் பழகிய அதே சங்கிலி, ஆறு மாதக் கப்பல் தூரத்துக்கு நீட்டப்பட்டது. பணம் கொடுத்தவருக்கு ஒரு சலுகையும் உண்டு. தாங்கள் ஆதரிக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். அதே மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பையன்களுக்கும் அப்படியே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் வருகிற பெயர்களின் முன்பாதியைப் பாருங்கள்.

அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னேன். அம்மா மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியில் படித்தவர். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, உடுவில் பள்ளிக்குக் கூப்பிடு தூரம்.

“சோறும் சீலையும் குடுத்துப் பிள்ளையளின்ரை பேரைப் பறிச்சவ. அதையும் சேர்த்து எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். அம்மா சொன்னதில் பிழை காண முடியவில்லை. நிபந்தனையோடு வந்த தருமம் அது. இலவசச் சோற்றின் மறுமுனையில் ஞானஸ்நானம் இருந்தது, அதை ஹரியட் ஒளிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் ஆறுமுக நாவலருக்கு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கும் அவசரம் வந்திருக்குமா? அவரே மெதடிஸ்த பாதிரியார் பேர்சிவலிடம் படித்து, அவருக்காக வேலை செய்து, பள்ளியும் அச்சும் எப்படி நடக்கின்றன என்று கண்டவர். இராமநாதன் கல்லூரி வந்தது பக்கத்தில் ஓர் உடுவில் இருந்ததால்தானே? இதைச் சொன்னதற்கு அம்மா, “சரி, அடுப்பிலை கறி இருக்கு” என்று வைத்துவிட்டார்.

அவர் பட்டதையும் சொல்ல வேண்டும். மூத்த மகன் சார்ல்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மிஷனரிப் பிள்ளைகளை அப்படி அனுப்புவது வழக்கம். 1832இல், 11 வயதில், அவன் அங்கே இறந்துபோனான். 1833 ஜனவரியில் உடுவிலில் ஹரியட்டும் இறந்தார். வயது 36. தடை நீங்கியபின் அவருடைய தங்கையர் மூவர், ஒருவர் பின் ஒருவராக, மிஷனரி மனைவியராக அதே யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். கனடாவுக்கு ஒருவர் போய் ஊரையே கூப்பிடுவது நமக்குப் பழக்கமான கதை. இங்கே கூப்பிட்ட அக்கா மட்டும் இல்லை. பள்ளியை மேரி ஸ்போல்டிங் ஏற்றார். 1840இல் எலைசா அக்னியு வந்தார். அவர் கலியாணம் செய்யாதவர், யாருக்கும் துணையாக வரவில்லை, 40 வருடம் அந்தப் பள்ளியை நடத்தினார்.

இன்னொன்று. ஹரியட்டின் மகள், தாயின் பெயரையே கொண்டவர், ஜோன் வெல்ஷ் டல்லஸ் என்ற சென்னை மிஷனரியை மணந்தார். அவர்களுடைய பேரன்தான் ஐசனோவர் காலத்து அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜோன் ஃபொஸ்டர் டல்லஸ். இன்னொரு பேரன் அலன், சிஐஏ தலைவர். வாஷிங்டன் விமான நிலையத்துக்கு இருக்கிற பெயர் முன்னவருடையது. பெட்டி நிறைய மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அடைத்துக்கொண்டு சுங்க அதிகாரிக்குப் பயந்தபடி அங்கே இறங்குகிற யாழ்ப்பாணத்து மாமிமாருக்கு, இந்தப் பெயர்ப்பலகைக்காரரின் பூட்டி உடுவிலில் வாழ்ந்து இறந்தவர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். என் மாமியார் நம்பவில்லை.

எனக்கு லைசன்ஸ் பிறகு கிடைத்தது. நூலக அட்டையும் வங்கிக் கடிதமும் என் பெயரில் வந்தபிறகு. மிடில்டவுன் கோயிலுக்கு நானே ஓட்டிப் போகத் தொடங்கியதும் புதிதாக வந்த பெண்கள் என்னிடம் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். குளிர் கோட்டு எங்கே மலிவு? பிள்ளைக்குக் கார் இருக்கை வாங்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து விட மாட்டார்களாமே? விலாச அத்தாட்சிக்கு என்ன செய்வது? முதலில் பதில் சொன்னேன். அப்புறம் பட்டியல் போட்டேன். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் கோட்டு, பூட்ஸ், தொட்டில், கார் இருக்கை என்று ஒரு வீட்டில் வாங்கி இன்னொரு வீட்டில் கொடுப்பது. தேவைப்பட்டவள் எடுத்துக்கொண்டு போவாள், பிள்ளை வளர்ந்ததும் திருப்பித் தருவாள். தமிழருக்கு மட்டும் என்று நினைத்ததைக் கசினோவில் இரவு வேலை செய்யும் சீனத் தாய் ஒருத்தி வந்து கேட்டுக் கலைத்தாள். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வந்து சண்டையும் வந்துவிடும். நம் ஆட்களை எனக்குத் தெரியும். யாரிடமும் எதையும் கும்பிடச் சொல்வதில்லை. ஒரே நிபந்தனை, கோட்டைத் துவைத்துத் தர வேண்டும்.

வேலை அனுமதியும் வந்து, இப்போது ஒரு பள்ளியில் கணித உதவி ஆசிரியையாக இருக்கிறேன். கராஜ் முழுக்கப் பெட்டிகள். பனிக்காலம் முழுவதும் காரை வெளியே விட்டுவிட்டுக் காலையில் கண்ணாடியைச் சுரண்டுவது கணவரின் வேலை. வின்ஸ்லோ பாதிரியார் இப்படிப் புறுபுறுத்திருப்பாரா என்று கேட்டேன். அவருக்கு அகராதி எழுத ஓர் அறையாவது மனைவி விட்டிருப்பா என்றார்.