பட்ஜிக் குஞ்சு என் விரலில் ஏற ஐந்து வாரம் ஆனது

பட்ஜி என்பது கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி. என்னுடையது வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஏழு வாரம் இருக்கும். நெற்றியில் அலகுக்கு மேலே வரை கருப்புக் கோடுகள், கண் முழுக்கக் கருப்பு. இளம் பட்ஜிக்கு இதுதான் அடையாளம், 3-4 மாதத்தில் முதல் இறகு உதிர்த்ததும் அந்தக் கோடுகள் நெற்றியை விட்டுப் போய்விடும். சின்னதாக இருக்கும்போதே வாங்கினால் சீக்கிரம் பழகும் என்பது உண்மைதான், ஆனால் தானாகப் பழகிவிடாது.

முதல் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினேன், அவ்வளவுதான். நான்காம் நாள் தண்ணீர் மாற்றும்போது வெளியே பறந்து திரைச்சீலை உச்சியில் தொற்றிக்கொண்டது. நான் பதறிப்போய்த் துணியைப் போட்டுப் பிடித்தேன். 30-40 கிராம் உடம்பு, உள்ளங்கைக்குள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்னும் மறக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, அது அடங்கியபின் ஒரு குச்சியை நீட்டி ஏற்றியிருக்கலாம். அதற்கப்புறம் ஒரு வாரம் என் கையைக் கண்டாலே கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டது.

மேலிருந்து இறங்கி வரும் எதுவும் அதற்குப் பருந்துதான். அதனால் கையை எப்போதும் அதன் நெஞ்சு மட்டத்துக்குக் கீழிருந்துதான் கொண்டுபோனேன். முதலில் கூண்டுக்கு வெளியே கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு உள்ளே, தினைக் கதிரோடு, காலை மாலை பத்துப் பத்து நிமிடம். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, ஒல்லியாக நின்றால் பயந்திருக்கிறது என்று அர்த்தம், கையை அங்கேயே நிறுத்திவிடுவேன். இறகு கொஞ்சம் தளர்ந்ததும் வெளியே எடுத்துவிடுவேன். பட்டினி போட்டால் சீக்கிரம் வரும் என்று சிலர் சொன்னார்கள். இவ்வளவு சின்ன உடம்பைப் பட்டினி போடுவது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள். வழக்கமான தானியம் எப்போதும் கிண்ணத்தில் இருந்தது, தினைக் கதிர் மட்டும் என் கையில்தான்.

மூன்றாவது வாரம் கழுத்தை நீட்டிக் கதிரின் நுனியைக் கொத்தியது, உமி என் மணிக்கட்டில் உதிர்ந்தது. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். அதன்பின் நாளுக்கு நாள் கதிரை என் உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் பிடித்தேன், கடைசியில் விரலைத் தாண்டினால்தான் எட்டும்.

ஏறுவதற்கு முன் அலகால் என் விரலை அழுத்திப் பார்த்தது. கடிக்கிறது என்று நினைத்துப் பலரும் இங்கேதான் கையை இழுத்துவிடுகிறார்கள். அது கடி இல்லை, கிளிகளுக்கு அலகு இன்னொரு கால் மாதிரி, இந்தக் கிளை தாங்குமா என்று சோதிக்கிறது. அசையாமல் வைத்திருந்தேன். ஒரு கால் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு விரல்களும் என் விரலைச் சுற்றி இறுகின, இளஞ்சூடாக இருந்தது.

அப்புறம் வயிற்றுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே விரலை லேசாக வைத்து “ஏறு” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை போட்டபின்தான் வெளியே விட்டேன். ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் கதிர் இல்லாத விரலில் தானாக ஏறி, இறகைப் பொம்மென்று விரித்துக்கொண்டு, அலகை நறநறவென்று அரைக்க ஆரம்பித்தது. தூக்கம் வரும்போது, மனம் நிம்மதியாக இருக்கும்போதுதான் அப்படி அரைக்கும்.

தலையைத் தொட இன்னும் விடவில்லை. நானும் கேட்கவில்லை.