பழைய தண்ணீர்

தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கல் எடுத்து முடித்து அப்படியே விட்டுவிட்டுப் போன பாறைமடைகள் இங்கே எத்தனை இருக்கும் என்று போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். எனக்குத் தெரிந்து ஏழு என்றேன். அவன் ஃபோனைப் பார்த்துவிட்டு, "மேப்புல நாலுதான் கெடக்கு பாட்டா" என்றான்.

மீதி மூன்றில் ஒன்றைச் சுற்றி ரப்பர் மரமும் புதரும் அடைத்துவிட்டன. ஒன்றில் மண்ணும் இடிந்த கட்டடக் கழிவும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். இன்னொன்றை நிரப்பி, அதன் ஓரத்தில் வீடே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற நான்கைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. மறைந்துபோன இந்த மூன்றுதான் உறக்கத்தைக் கெடுக்கின்றன. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களில் முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பையனுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் நிலக்கரி கிடையாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டும் இல்மனைட்டும் இருக்கின்றன, மலையில் கருங்கல் இருக்கிறது, அவ்வளவுதான். நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. 1979-இல் கிளம்பினேன். திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதை திறந்ததும் அந்த வருஷம்தான். சென்னையில் ஒரு ரயில் மாறி, ஹவுராவில் இன்னொரு ரயில் மாறி, ஜாரியாவுக்குப் பக்கத்து நகரமான தன்பாத்தில் இறங்கியபோது சட்டைக் காலர் கறுத்திருந்தது. வழியனுப்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த தண்ணி புகுந்த சுரங்கமா மக்களே?" சாஸ்நாலா விபத்து நடந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. இல்லை, அது வேறு சுரங்கம் என்று சொன்னேன். வேறு சுரங்கம் என்பது உண்மைதான். ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி என்பது போன பிறகுதான் புரிந்தது.

அந்தப் பக்கம் கரி எடுக்கத் தொடங்கி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வங்காளத்து ராணிகஞ்சில் 1774-இலேயே வெட்டினார்கள். 1890-களில் ரயில் வந்த பிறகு ஜாரியாவிலும் வேலை மும்முரமானது. உருக்கு ஆலைக்கு வேண்டிய நல்ல கோக்கிங் கரி அங்கேதான் கிடைத்தது. சின்னதும் பெரியதுமாக எத்தனையோ தனி முதலாளிகள். விலை ஏறினால் வெட்டு, விலை இறங்கினால் விட்டுவிட்டுப் போ. பக்கத்து நிலத்துக்குள் நுழைந்து எடுத்தவன் அதை வரைபடத்தில் காட்டுவானா? மேல்பாறையைத் தாங்க விட வேண்டிய பில்லர்களைப் போகிற போக்கில் அரிந்து எடுத்தவன்தான் எழுதி வைப்பானா? பிறகு அரசாங்கம் 1971-இல் கோக்கிங் கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, 1972 மே 1 முதல் 214 சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. அடுத்த வருஷம் மற்ற கரிச் சுரங்கங்கள் 711. சுரங்கங்களோடு சேர்ந்து, அவற்றின் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. என் வேலை அந்த வரைபடங்களோடுதான்.

வரைபட அறையில் பெரிய மர அலமாரிகள் இருந்தன. மெழுகுத் துணியில் வரைந்து சுருட்டி வைத்த படங்கள், பூச்சி அரித்த ஓரங்கள். அளவெல்லாம் அடிக்கணக்கு. வடக்கு என்று போட்டிருப்பது காந்த வடக்கு, அதுவும் எந்த வருஷத்துக் காந்த வடக்கு என்று பல படங்களில் குறித்திருக்காது. காந்த வடக்கு வருஷத்துக்கு வருஷம் நகரும். போதாததற்கு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் ஊசி இரும்பின் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்த ஊசியைப் பார்த்து எழுதிய கோணங்களும் அந்தப் படங்களில் உண்டு.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மூத்த சர்வேயர் ஒரு வங்காளி. எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். சானக் என்று அவர்கள் சொல்லும் செங்குத்துக் குழியில் ஞாயிற்றுக்கிழமை வேலை நிற்கும்போது இரண்டு கம்பிகளைத் தொங்கவிடுவோம். கம்பி ஆடாமல் இருக்க, அடியில் கட்டின எடை எண்ணெய் டிரம்முக்குள் முங்கி இருக்கும். மேலே இருக்கும் திசையை அந்த இரண்டு கம்பிகள் வழியாகத்தான் கீழே கொண்டுபோக வேண்டும். அங்கே கோணத்தில் ஒரு நிமிடம் பிசகினால், ஒரு கிலோமீட்டர் போன பிறகு 29 சென்டிமீட்டர் விலகியிருப்போம். தாதா ஒவ்வொரு கோட்டையும் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அளக்க வைப்பார். சேர்ந்த இரண்டாம் வருஷம் நான் ஒரு கணக்கில் கிழக்கை மேற்காக எழுதிவிட்டேன். ஒரே ஒரு குறி. திரும்பி அளந்த கணக்கு பொருந்தாததால் பிடிபட்டது. தாதா திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய், நான் தப்பாகப் போட்ட அந்த இடத்தின் முன்னால் நிற்க வைத்து, மாலை ஷிப்டில் அந்தக் கேலரியில், அதாவது கரிக்குள் வெட்டிய அந்தப் பாதையில், வேலை செய்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினோரு பேர். இன்றைக்கும் அந்த வரிசை எனக்கு நினைவிருக்கிறது.

சுரங்கத்தில் என்னென்ன ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் முதலில் வாயுவைச் சொல்வார்கள். சரிதான். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். 1.25 சதவீதம் காட்டினாலே மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மேல்பாறை விழுவது அடுத்தது. கம்பியால் தட்டினால் நல்ல பாறை கணீர் என்னும், பிரிந்துபோனது பொத்தென்று சொல்லும். இந்தக் காதுப் பழக்கம் எல்லாத் தொழிலாளிக்கும் உண்டு. நெருப்பும் இருக்கிறது. ஜாரியாவில் 1916-இல் முதலில் பதிவான நிலத்தடி நெருப்பு நூறு வருஷம் தாண்டியும் அணையவில்லை. ராத்திரி பஸ்ஸில் போகும்போது பூமி வெடிப்புகளில் சிவப்பாகத் தெரியும்.

ஆனால் வாயுவை அளக்கக் கருவி இருக்கிறது, பாறையைத் தட்டிக் கேட்கலாம், நெருப்பு வாடையைக் காட்டும். யாரோ ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டி, கைவிட்டு, எழுதி வைக்காமல் போன கேலரியில் தேங்கி நிற்கும் தண்ணீர் அப்படி எதையும் காட்டாமல் சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா நிற்கும்.

1975 டிசம்பர் 27, சனிக்கிழமை. சாஸ்நாலாவில் மதியம் ஒன்றரை மணி கடந்திருந்தது. மேலே பழைய வேலைத்தளத்தில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. 375 பேர் இறந்தார்கள். 1995 செப்டம்பரில் கனமழையில் கத்ரி ஆறு பெருகிச் சுரங்கங்களுக்குள் இறங்கியபோது கஸ்லிடாண்டில் 64 பேர். 2001 பிப்ரவரி 2-ஆம் தேதி பாக்டிகியில் பக்கத்துப் பழைய வெட்டின் தண்ணீர் புகுந்து 29 பேர். மூன்றும் ஜாரியா கரிப் படுகையில்தான். ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் இதேபோல வெள்ளம் புகுந்தபோது 71 பேர் அகப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். மீதி 65 பேரை, தரையிலிருந்து துளை போட்டு, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து இறக்கி, ஒவ்வொருவராக மேலே தூக்கினார்கள். அதைச் செய்த ஜஸ்வந்த் சிங் கில் என்ற எஞ்சினியர் அந்தக் கூண்டில் தானே முதலில் கீழே இறங்கினார். நாங்கள் தன்பாத்தில் வானொலியைச் சுற்றி நின்று அந்தச் செய்தியைக் கேட்டோம். தாதா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் சுரங்கத்தில் நடந்தது அதற்கு ஐந்து வருஷம் முந்தி, 1984-இல். சுரங்கத்தின் பெயர் வேண்டாம்.

ஒரு கேலரியை மேற்கே ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் திசையில் பழைய முதலாளி காலத்து வெட்டு ஒன்று இருப்பதாக வரைபடம் சொன்னது. இன்னும் 95 மீட்டர் தூரம். தண்ணீர் நிற்கும் பழைய வெட்டுக்கு 60 மீட்டருக்குள் போனால்தான் தனி அனுமதி வாங்க வேண்டும், முன்னால் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 95 இருப்பதால் விதி நம்மைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லைக்கோட்டின் மேல் வந்து வெட்டு கச்சிதமாக நின்றிருந்தது. கரி நன்றாக இருக்கிற இடத்தில் எந்த முதலாளி அவ்வளவு ஒழுங்காக நின்றிருப்பான்?

காலனிக்குப் பின்னால் ஒரு பழைய காமின் இருந்தார். ஆண்களில் கரி வெட்டுகிறவர் மல்கட்டா, கூடை சுமக்கிற பெண் காமின். சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்யத் தடை இருந்ததை யுத்தத்தின்போது 1943-இல் தளர்த்தினார்கள், 1946-இல் மறுபடியும் போட்டார்கள். இந்த மாயி – வயதான பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள் – அந்த இடைவெளியில் பதினேழு வயதில் உள்ளே இறங்கியவர். ஒரு சாயங்காலம் அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. இறங்கும் வாசலிலிருந்து நிறைந்த கூடையோடு ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும், நடுவில் எத்தனை இடத்தில் கூடையை இறக்கி மூச்சு வாங்குவார்கள், எந்தத் திருப்பத்தில் விளக்கு வைக்கும் மாடம் இருந்தது என்றெல்லாம் சொன்னார். கடைசியில், முதலாளியின் கணக்குப்பிள்ளையான முனீமைப் பற்றி, "முனீம் வந்து, இதற்கப்புறம் அடுத்தவன் நிலம், சத்தம் போடாமல் வெட்டுங்கள் என்பான்" என்றார்.

நான் அவர் சொன்ன நடையைத் தோராயமாக மீட்டராக்கிப் பார்த்தேன். படத்தில் இருப்பதைவிட வெட்டு எழுபது மீட்டருக்கு மேல் நம் பக்கம் வந்திருந்தது.

மேனேஜரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். கிழவி சொன்னாள் என்று உற்பத்தியை நிறுத்த முடியுமா என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, மாதக் கணக்கு அவர் தலைமேல் நின்றது. தாதா ஒன்றும் பேசாமல் பதிவேட்டை எடுத்து, துளை போடாமல் மேற்கொண்டு ஓட்டுவது ஆபத்து என்று சர்வே பிரிவு கருதுகிறது என எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தார். நானும் கீழே போட்டேன். பதிவேட்டில் ஏறிவிட்டால் அதைத் தாண்டிப் போவது கஷ்டம். அன்று ராத்திரி ஷிப்டிலேயே துளை போட அனுமதி வந்தது.

டிரில் கம்பியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி உள்ளே விட்டோம். பத்து மீட்டர், பதினைந்து. கரிச்சுவரில் கை வைத்தால் ஈரமாக, குளிராக இருந்தது. வேர்க்கிறது என்பார்கள் அதை. இருபத்தொன்றாவது மீட்டரில் கம்பி சட்டென்று இலகுவாக உள்ளே போயிற்று. டிரில் பிடித்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து எதிர்ச்சுவரில் அடித்தது. மரத்தில் கூர்வாக்கில் செதுக்கிய ஆப்புகளைச் சாக்குத் துணி சுற்றித் தயாராக வைத்திருந்தோம். நான்கு பேர் சேர்ந்து அடித்து இறக்கினார்கள். இரண்டு அங்குலத் துளை அது. அதை அடைக்கவே நான்கு பேரும் நனைந்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் சில நாள் வெடி வைத்துக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை.

குழாயும் வால்வும் பொருத்தி, அனுமதி வாங்கி, தண்ணீரை வடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு நான் அந்தப் பழைய வெட்டுக்குள் போய் அளந்தேன். நிமிர முடியாத உயரம். சுவரில் கை வெட்டின் கோடுகள். திருப்பத்தில் மாயி சொன்ன மாடம் இருந்தது, மேலே புகைக்கரியோடு. அதன் கீழே மூங்கில் கூடையின் அடிப்பாகம், தொட்டால் மாவாகிற நிலையில். அந்தக் கேலரியைப் புதுப் படத்தில் ஏற்றியபோது, மூலையில் 'வாய்மொழித் தகவல்' என்று போட்டு மாயியின் பெயரையும் எழுதச் சொன்னார் தாதா. எழுதினேன். அந்தப் படம் இன்னும் அலமாரியில் இருக்கும்.

2014-இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். எங்கள் பாறைமடைகளை நிலக்கரிச் சுரங்கத்தோடு ஒப்பிட முடியாது, தெரியும். ஆனால் இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. விட்டுப்போன மடை ஒரே வருஷத்தில் நிறைந்துவிடும். குளத்துக்குப் படி உண்டு, சரிவு உண்டு. பாறைமடைக்கு எதுவும் கிடையாது. நான்கு பக்கமும் நேர்குத்தான பாறை. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் ஏறிவரப் பிடி கிடைக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்தில் ஐஸாக இருக்கும். மண் போட்டு நிரப்பின மடையோ இறுகுவதற்கு வருஷக்கணக்கில் எடுக்கும். அதன்மேல் அஸ்திவாரம் போடுகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். நாடா, திசைகாட்டி, கல் கட்டின கயிறு. ஏழு மடைக்கும் இடம், அகலம், ஆழம் எழுதியாயிற்று. புதருக்குள் இருப்பதில் கயிறு 14 மீட்டர் வரை போயிற்று. நிரப்பின இரண்டுக்கும், கல் எடுக்கப் போன பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதினேன்.

நேற்று சாயங்காலம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்தாறு வயது. படத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு இல்லியே மக்களே" என்றாள். மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டின சமயத்தில் அவளுடைய அப்பா கல் உடைத்த குழியாம். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறுக்கே போகிற தோட்டத்தின் மூலையில், புளியமரத்துக்குக் கிழக்கே. புளியமரத்தையும் வெட்டியாயிற்று. எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். கஞ்சிக் கலயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது அம்மாவின் இடுப்புக் கயிறு முழுசும் போய்விடும் என்றாள்.

எட்டு என்று எண் போட்டு, சித்தியின் பெயரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் அங்கே போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் நாடாவின் மறு முனையைப் பிடிக்க வருகிறேன் என்றிருக்கிறான்.