பீட்டர் ரோஸலின் பிராம்ஸ்: இதுவரை கேட்டது

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் தனிப் பியானோ படைப்புகளை ஒரே கலைஞரின் வாசிப்பில் முழுதாகக் கேட்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்கு ஜெர்மன் பியானோ கலைஞர் பீட்டர் ரோஸலை எடுத்துக்கொண்டேன். கிழக்கு ஜெர்மனியின் எட்டர்னா நிறுவனத்துக்காக 1970களில் பதிவானவை இவை. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு பெர்லின் கிளாசிக்ஸ் நிறுவனம் குறுந்தட்டுகளாக மறுபடி வெளியிட்டது.

ரோஸல் 1945 பிப்ரவரி 2 அன்று ட்ரெஸ்டனில் பிறந்தவர். அடுத்த பதினோராம் நாள் இரவு அந்த நகரத்தின் மேல் குண்டுமழை பொழிந்தது. அதில் சிதைந்த லூகாஸ் தேவாலயத்தைப் பின்னாளில் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார்கள். இந்தப் பிராம்ஸ் பதிவானதும் அங்கேதான். ரோஸல் மாஸ்கோவில் பியானோ கலைஞர்கள் பாஷ்கிரோவ், ஒபோரின் இருவரிடமும் படித்து, 1966 சாய்கோவ்ஸ்கி பியானோ போட்டியில் பரிசும் பெற்றவர். பெர்லின் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்ததால்தான் மேற்கில் இவர் பெயர் அதிகம் பரவவில்லை என்று நினைக்கிறேன். வாசிப்பில் குறை என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் ஓபஸ் 117 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). 1892இல் பிராம்ஸ் எழுதிய மூன்று இன்டர்மெட்சோக்கள், அதாவது சிறு பியானோ துண்டுகள். முதலாவதில் மெட்டு நடுவில் ஒளிந்திருக்கிறது, மேலும் கீழும் ஒரே சுரம் மணிபோல் ஒலித்துக்கொண்டிருக்கும். பல பேர் மெட்டைத் தூக்கிக் காட்டுவதற்காகச் சுற்றியுள்ளதை அமுக்கிவிடுகிறார்கள். ரோஸல் அப்படிச் செய்வதில்லை. மூன்று அடுக்குகளும் தனித்தனியாகக் கேட்கின்றன, ஆனாலும் காது தானாகவே நடுவுக்குப் போகிறது. பெடலை அவர் அளவாகப் போடுவதும், அந்தக் கூடத்தின் எதிரொலி மிதமாக இருப்பதும் இதற்குக் காரணமாகத் தோன்றுகிறது.

அப்புறம் இசைக்குறிப்பை எதிரில் வைத்துக்கொண்டு ஓபஸ் 118இன் இரண்டாவது துண்டைக் கேட்டேன். எல்லோரும் உருகி வாசிக்கும் துண்டு அது. ரோஸல் வேகத்தை இழுக்காமல் நடக்கிறார். நடுப்பகுதியில் மேல்குரல் பாடியதைக் கீழ்க்குரல் சற்றுப் பிந்தித் திருப்பிச் சொல்லும் இடம் உண்டு. மெதுவாக வாசித்தால் அந்த உரையாடல் அறுந்துபோகும், இவரிடம் அறுவதில்லை. துக்கத்தைக் காட்டாமலே துக்கம் வந்து சேர்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஹாண்டலின் ஒரு மெட்டைப் பிராம்ஸ் மாற்றி மாற்றி எழுதிய ஹாண்டல் வேரியேஷன்கள் வேறு உலகம். 1861இல் எழுதியது: இருபத்தைந்து வேரியேஷன், முடிவில், ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் ஒரு பெரிய ஃபியூக். இங்கே இரும்புபோன்ற இடது கை தெரிகிறது. ஃபியூக்கில் குரல்கள் எவ்வளவு நெரிந்தாலும் ரோஸல் சத்தத்தைக் கூட்டி மூடிமறைப்பதில்லை. கடைசிப் பக்கம்வரை எல்லாம் தெளிவாக இருக்கிறது. பிராம்ஸ் இளவயதில் எழுதிய சொனாட்டாக்களில் (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள்) மட்டும் என் மனம் முழுதாக ஒட்டவில்லை. அங்கே இன்னும் கொஞ்சம் கட்டவிழ்ந்து வாசித்திருக்கலாம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெட்ஃபோனில் மேல்சுரங்கள் கொஞ்சம் கூர்மையாகப் பட்டன, ஸ்பீக்கரில் அது கரைந்துவிட்டது. கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் சத்தத்தைக் குறைத்தே வைத்தேன், அதுவே போதுமாக இருந்தது.

இப்போது ரோஸல் வாசித்த, ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் கான்செர்ட்டோக்களில் (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) இருக்கிறேன். குழுவை நடத்துபவர் குர்ட் சாண்டர்லிங். 1936இல் ஜெர்மனியை விட்டு சோவியத் நாட்டுக்குப் போய், லெனின்கிராடில் பல வருடம் பணியாற்றி, 1960இல் கிழக்கு பெர்லினுக்குத் திரும்பியவர். இரண்டாம் கான்செர்ட்டோவின் தொடக்கத்தில் வாத்தியக் குழு நுழையும்போது ரோஸல் தன்னை முன்னிறுத்தாமல் குழுவுக்கு அடியில் ஓடுகிறார். ராக்மனினோவ் எழுதியிருப்பதும் அப்படித்தான்! மூன்றாவதை இன்னும் முடிக்கவில்லை. அதற்கடுத்து டோக்கியோவின் கியோய் அரங்கில் அவர் முதிய வயதில் வாசித்த பேதோவன் சொனாட்டாக்கள் காத்திருக்கின்றன.

புதிதாக ரோஸலைக் கேட்க நினைப்பவர்கள் ஓபஸ் 117இல் தொடங்குங்கள், அடுத்து 118, 119. ஹாண்டல் வேரியேஷன்களைக் காது பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.